யார் கை பட்டுச்சு?

ரிப்பேர் வேலைக்கு வருகிறவர்கள் வந்ததும் என்ன கேட்பார்கள்? என்ன ஆச்சு, எப்போதிலிருந்து இப்படி என்றுதானே கேட்பார்கள்? எங்கள் பிட்டர் அப்படிக் கேட்கவே மாட்டார். செருப்பை வாசலில் விட்டு, சாக்குப்பையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வீட்டில் இருக்கிற எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்ப்பார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "யார் கை பட்டுச்சு?" என்பார்.

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குரலை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மனுஷன் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, இன்னும் என்னம்மா கோபம் என்று என் பெண் கேட்கிறாள். போய்ச் சேர்ந்துவிட்டால் செய்ததெல்லாம் இல்லை என்றாகிவிடுமா?

நான் கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்தது ஐம்பதுகளின் நடுவில். அப்போதுதான் ஒவ்வொரு வீடாகக் கரண்டு வந்துகொண்டிருந்தது. விளக்கு, ஃபேன், ரேடியோ, கூடவே மண்ணெண்ணெய் பம்ப் அடுப்பு என்று வீட்டுக்குள் என்னென்னவோ நுழைந்தன. வாங்கி வருகிற ஆண்களுக்கும் அவற்றைப் பற்றித் தெரியாது, வைத்துப் புழங்குகிற பெண்களுக்கும் தெரியாது. தெரிந்தவர் என்று ஊரில் இருந்தது இவர் ஒருவர்தான். முன்பு ரயில்வேயில் மிஷின் பூட்டுகிற பிட்டராக இருந்தாராம். ஏன் விட்டார், இவர் விட்டாரா அவர்கள் விட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டு மட்டும் உடம்பை விட்டு இறங்கவில்லை. சித்திரை வெயிலிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் வருவார். ஊரே அவரைப் பிட்டர் என்று கூப்பிட்டது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். திருட்டுப் புரட்டு கிடையாது. நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டுகிற வேலை அவரிடம் இல்லை. தரையில் சிந்தின எண்ணெயைத் தானே துடைத்துவிட்டுப் போவார். மிஷின்களிடம் அவருக்கு இருந்த மரியாதையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஒரு ரேடியோவின் முதுகுப் பலகையைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அடுப்பானாலும் சரி, சுவர்க் கடிகாரமானாலும் சரி, 'இவரு', 'அவரு' என்றுதான் பேசுவார்.

"இவரு நல்லவரும்மா. இவருக்கு ஒண்ணும் இல்ல. இவர யாரோ பேஜார் பண்ணிக்கீறாங்க" என்பார்.

மிஷின் 'அவரு'. வீட்டுப் பெண்பிள்ளைகள் 'அது', 'இது'. "இது எந்த வூட்டுப் பொண்ணு?" என்று என்னை வைத்துக்கொண்டே என் மாமியாரிடம் கேட்டவர்தானே அவர்.

நம் ஊரில் கைராசி பார்க்கிற வழக்கம் உண்டு. டாக்டருக்குப் பார்ப்பார்கள், கடையில் முதல் போணிக்குப் பார்ப்பார்கள், நாற்று முடியை முதலில் யார் எடுத்துக் கொடுப்பது என்று பார்ப்பார்கள். அது அவரவர் நம்பிக்கை, நான் குறை சொல்லவில்லை. இவர் அந்தக் கைராசியைத் தூக்கிக்கொண்டு வந்து மிஷினில் மாட்டிவிட்டார். அதற்கு மிஷின் ராசி என்று பெயரும் வைத்தார். பையைப் பிரிப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கிறவர்கள் வரிசையாக வந்து கையைக் காட்ட வேண்டும். உள்ளங்கையைப் பார்ப்பார், தொட மாட்டார். ஆண்கள் கை பக்கம் வந்தால் கண் தானாகத் தாண்டிப் போய்விடும். கடைசியில் ஒரு பெண்ணின் கையில் வந்து நிற்கும். அந்த வீட்டிலேயே யாருக்கு வாய் குறைவோ, யார் எதிர்த்துப் பேச மாட்டாளோ, அவளாகப் பார்த்து நிற்கும்.

"இந்தக் கைக்கு மிஷின் ராசி இல்ல. மத்தபடி நல்ல கைதான்" என்பார். அந்த 'மத்தபடி'யைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறும்.

எங்கள் தெருவில் ஒரு வக்கீல் வீட்டில் ரேடியோ கரகரத்தது. பிட்டர் வந்தார், கைகளைப் பார்த்தார். தினமும் வந்து பெருக்கித் துடைக்கிற பெண்ணின் கையில் தீர்ப்பு விழுந்தது. பிறகு பலகையைக் கழற்றினால் உள்ளே எலி ஒயரைக் கடித்துக் குதறி வைத்திருந்தது. எலிப் புழுக்கை கூடக் கிடந்தது. இவர் அசரவில்லை.

"எலி ஏன் வந்துச்சு? பெருக்கற கை சரியில்ல, அதான் வந்துச்சு" என்றார்.

மறுநாளிலிருந்து அந்தப் பெண் அந்த வீட்டுக்கு வரவில்லை. வக்கீல் சட்டம் படித்தவர். எலியை விட்டுவிட்டு அவளை ஏன் அனுப்பினீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் பட்டணத்தில் ஒரு ஆபீசில் வேலை பார்த்தார். தினமும் விடிகாலை ரயிலில் போய்வருவார். ஒரு நாள் ரயிலில் மடிமேல் வைத்தே ஒரு சீலிங் ஃபேனைக் கொண்டுவந்தார். பிட்டர் ஏணி போட்டு ஏறி, கூடத்து உத்தரத்தில் கொக்கி அடித்து மாட்டினார். கொக்கி கோணலாக இருந்தது. கீழே நின்று பார்த்த எனக்கே ஃபேனின் தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. வந்து ஒரு மாதம்கூட ஆகாத மருமகள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

"புது மருமக கையால முதல்ல போடட்டும். லட்சுமிகரமா இருக்கும்" என்றார் என் மாமியார். ஆசையாகத்தான் சொன்னார். நானும் ஆசையாகத்தான் போய் ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் ஒரு சுற்று சுற்றி, 'கடக் கடக்' என்று ஆட ஆரம்பித்தது.

பிட்டர் ஃபேனைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார்.

"இன்னாம்மா நீங்க, ராசி பாக்காம போட வுட்டுட்டீங்களே. இவரு இனிமே இப்படித்தான் சுத்துவாரு" என்று மாமியாரிடம் சொன்னார். அவர் மாட்டின கோணல் கொக்கி, என் கையால் கோணலாகிவிட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் ஸ்விட்சைத் தொடக்கூடாது. கூடத்தில் யாராவது வந்து ஃபேனைப் போட்டால் காற்று. இல்லாவிட்டால் வேர்த்து ஊற்றிக்கொண்டு அதன் கீழே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எல்லாரும் வெளியே போயிருக்கிற மத்தியானங்களில்கூட நான் அதைத் தொடவில்லை. தான் இல்லாத இடத்திலும் ஒருத்தியைக் கட்டிப்போடுகிற மாதிரி ஒரு வார்த்தையை அந்த மனுஷன் சொல்லி வைத்திருந்தார். கடிகாரம் நின்றால் நான். பல்பு ஃபியூஸ் போனால் நான். மாமியார் வாய்விட்டுத் திட்ட மாட்டார். என் கையை ஒரு பார்வை பார்ப்பார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் சதுரங்கப்பட்டினம் போனோம். என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர், மணிலாக்கொட்டை வியாபாரம் செய்கிற பாய், கடற்கரைப் பக்கம் வீடு. மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டு அவர் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. அவருடைய பேட்டரி ரேடியோ பேசாமல் கிடந்தது. அதனால் என் வீட்டுக்காரர் பிட்டரையும் கூடவே பஸ்ஸில் அழைத்து வந்துவிட்டார். கடல் பார்க்கப் போன இடத்திலும் அந்தக் காக்கிக் கோட்டு என் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது.

பாய் வீட்டிலும் அதே பாட்டுதான். பையை வைத்தார், கனைத்தார். "யார் கை பட்டுச்சு? வூட்ல கீறவங்கள கையக் காட்டச் சொல்லுங்க பாய்."

உள் வாசலில் ஒரு திரை தொங்கியது. அதன் பின்னாலிருந்து பாயின் சம்சாரம் கேட்டார்:

"கையக் காட்டறதுக்கு நீ இன்னா வளையக்காரனாய்யா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெண் அவரை அப்படிக் கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை. பிட்டர் பாயைப் பார்த்தார். பாய் மீசைக்குள் சிரித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லம்மா, கையில உப்பு இருந்தா இவருக்கு ஆவாது" என்று பிட்டர் இழுத்தார்.

"உப்பு காத்துல கீது. கடலாண்ட வூட்ட வெச்சிகினு உப்ப என் கையில தேடறியே, நல்லா கீதே கத!"

பிட்டர் ரேடியோவைத் திறக்கவே இல்லை. "கடலோரத்துக்கு இவரு தோதுப்பட மாட்டாரு பாய்" என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். அவர் போனதும் அந்த அம்மாள் ரேடியோவைச் சமையலறைக்குத் தூக்கி வரச் சொன்னார். பின்பலகையைத் திறந்து, பேட்டரியோடு சேர்கிற பித்தளை முனைகளில் பச்சையாகப் பூத்துக் கிடந்ததை எனக்குக் காட்டினார். குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, மறுபடி மாட்டினார். ரேடியோ பேசியது.

"பித்தளதானே? புளி போட்டா பளிச்சுனு ஆவுது. இதுல இன்னா ராசி கீது?" என்றார் என்னிடம். அவ்வளவுதான், வேறு உபதேசம் எதுவும் இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மீனை நறுக்கப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குக் கடல் பார்த்தது கொஞ்சமும் நினைவில்லை, அந்தப் பித்தளை மின்னினதுதான் நினைவிருக்கிறது.

இனி அடுப்பு விஷயம். அதுதான் என் நெஞ்சில் கிடப்பது. என் அப்பா சீரோடு கொடுத்த பித்தளைப் பம்ப் அடுப்பு. வீட்டுக்காரர் விடிகாலை ரயிலுக்குப் போக வேண்டும் என்பதால், விறகு மூட்டி நேரமாக்காமல் அதில்தான் காபி, அதில்தான் சோறு. மாமியாருக்கும் அது சௌகரியமாக இருந்ததால் அந்த ஒன்றை மட்டும் நான் தொடலாம் என்று விட்டிருந்தார்.

சில நாட்களாக மண்ணெண்ணெய் ஊற்றுகிற மூடியின் பக்கம் வாசனை அடித்தது. பம்ப் அடித்தால் மூடியைச் சுற்றி மினுமினுவென்று கசியும். பிட்டரை வரவழைத்தார்கள். என் கையைப் பார்த்து, "அதே கைதானா?" என்றார். நான் பொறுத்துக்கொண்டு, "மூடியாண்ட கசியுதுங்க. உள்ள ஏதோ கெட்டுப் போயிருக்கு, திறந்து பாருங்க" என்றேன்.

"மூக்கால ரிப்பேர் பாக்கறியா நீ?" என்று சிரித்தார். குறடு ஒன்றை எடுத்து அந்த மூடியைத் தம் பிடித்து இறுக்கினார். முகமெல்லாம் சிவக்கிற அளவுக்கு இறுக்கினார். திறந்து பார்க்கவில்லை. "இனிமே இவரு மூச்சு விட மாட்டாரு. கைதான் பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் போயிருக்கும். காலையில் பம்ப் அடித்துக்கொண்டிருந்தேன். மூடியின் கீழிருந்து எண்ணெய் பீச்சியது. பீச்சினது நேராகத் தீயில். என் வலது கை முழங்கை வரைக்கும் பிடித்துக்கொண்டது. முந்தானையும் பிடித்தது. என் மாமியார்தான் ஓடிவந்து ஈரச்சாக்கைப் போட்டு என்னை அப்படியே அணைத்துக் கீழே தள்ளினார். அதை நான் சொல்லாமல் விட்டால் எனக்கு நல்ல கதி கிடைக்காது. அன்று என் உயிரைக் காப்பாற்றியது அவர்தான்.

ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படுத்திருக்கிறேன். அடுப்பைப் பார்க்கப் பிட்டரைக் கூட்டி வந்தார்கள். கட்டோடு ஒருத்தி சுவரோரம் படுத்திருப்பதை அவர் பார்த்தார். ஒரு வார்த்தை, எப்படிம்மா இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? நேராக அடுப்பிடம் போனார். அதைத் தடவிக் கொடுத்தார். "பாவம், கருப்பாயிட்டாரு" என்றார். அப்புறம் நிமிர்ந்து கனைத்தார்.

"யார் கை பட்டுச்சு?"

அவரே என்னைப் பார்த்தார். மாமியாரிடம் சொன்னார்:

"அந்தக் கட்ட அவுத்துக் கையக் காட்டச் சொல்லுங்கம்மா. பாத்தாத்தான் சொல்ல முடியும்."

என் வீட்டுக்காரர் அங்கேதான் இருந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் கொஞ்சம் மேலே ஏறி முகத்தை மறைத்துக்கொண்டது. அதையும் நான் மறக்கவில்லை.

நான் கட்டை அவிழ்க்கவில்லை. அவரும் பார்க்காமலே தீர்ப்பைச் சொன்னார். "இந்தக் கை இந்த வூட்ல கீற வரைக்கும் ஒரு மிஷினும் நிக்காதும்மா. இன்னிக்குப் புடவ, நாளைக்கு வூடு. அம்மா வூட்டாண்ட கொஞ்ச நாள் அனுப்பி வைங்க. அதுக்கு மேல உங்க இஷ்டம்."

மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நாள் என்று அம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பக் கூப்பிடப்படாத பெண்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். கை ராசியில்லாதவள் என்று ஒரு முறை திருப்பி அனுப்பினால் அந்தப் பேர் என் தங்கைகளையும் சேர்த்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு அப்போது வலிகூடத் தெரியவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

எழுந்து போனேன். அவர் பையிலிருந்து அதே குறட்டை எடுத்தேன். அடுப்பைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு இடது கையால் அந்த மூடியைத் திருகினேன். "ஏய், அவர வுடு, அவர வுடு" என்று பிட்டர் பதறினார். என்னை அல்ல, அடுப்பைத்தான் காப்பாற்றப் பதறினார். மூடி வந்தது. உள்ளே இருந்த வாஷர் நடுவில் பிளந்து, நசுங்கி, விளிம்பு வெளியே பிதுங்கியிருந்தது. சின்ன வளையம், சுண்டுவிரலில் போடலாம். அதை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தேன்.

"திறந்து பாருங்கன்னு சொன்னேனே. திறக்காம நசுக்கி வெச்சிட்டுப் போனீங்களே. இது யார் கை பட்டுப் பிளந்துச்சு? சொல்லுங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிட்டர் வாஷரைப் பார்த்தார். அப்போதாவது ஒப்புக்கொண்டாரா? "இது வாங்கும்போதே கெட்ட சாமான். வாங்கன கை யாருதோ" என்றார். என் அப்பாவைச் சொல்கிறாராம்!

அப்போதுதான் என் மாமியார் வாயைத் திறந்தார். கைராசியை முழுசாக நம்புகிறவர் அவர். அவருக்கு நியாயமாக ஒரு சந்தேகம் வந்திருந்தது.

"கடைசியா இதுல கை வெச்சது நீதானேப்பா? நான்தானே பக்கத்துல நின்னுகினு இருந்தேன். எங்க, உன் கையக் கொஞ்சம் காட்டு."

பிட்டர் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. "காட்டுப்பா, பாக்கலாம்" என்றார் மறுபடியும். அவர் இரண்டு கைகளையும் காக்கிக் கோட்டின் பைக்குள் விட்டுக்கொண்டார். இத்தனை வீடு, இத்தனை கைகள் பார்த்தவர், தன் கையை யாருக்கும் காட்டினதே இல்லை என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. பையை எடுத்து மாட்டிக்கொண்டு, செருப்பைப் பாதி மாட்டியும் மாட்டாமலும் நடையைக் கட்டினார். குறடு எங்கள் வீட்டிலேயே கிடந்தது. கேட்டு ஆள் அனுப்பவும் இல்லை.

மாமியார் என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அந்தக் காலத்து மாமியார்கள் கேட்க மாட்டார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், "அந்த ஃபேனப் போடும்மா. ஒரே புழுக்கமா கீது" என்றார். இடது கையால் போட்டேன். 'கடக் கடக்' என்று அது ஆடிக்கொண்டு சுற்றியது. அந்தச் சத்தம் அன்றைக்கு எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

ஊர் அவரை விட்டுவிட்டது என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார், அவ்வளவுதான். மற்ற வீடுகளில் அதே கோட்டு, அதே கனைப்பு. ஏன் விடுவார்கள்? ரிப்பேருக்கு ஆள் தேடினால் எங்காவது கிடைப்பான். வீட்டில் இருக்கிறவர்களில் யாரைக் குற்றம் சொல்லலாம் என்று எடுத்துக் கொடுக்கிறவன் லேசில் கிடைப்பானா? அதைத்தான் அவர் வீடுவீடாக மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் குறடு என்னிடம் இருந்ததால் தெருவில் இரண்டு மூன்று வீட்டுப் பெண்கள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். நான் ஒன்றும் கெட்டிக்காரி இல்லை. திறந்து பார்ப்பேன், வாஷர் போயிருந்தால் மாற்றுவேன், அடைத்திருந்தால் ஊசியால் குத்திவிடுவேன். தெரியாவிட்டால் தெரியாது என்பேன்.

ஒரு மத்தியானம் ஒரு அம்மாள் வந்தார். முக்காடு மாதிரி முந்தானையை இழுத்துப் போட்டிருந்தார். இடுப்பில் ஒரு கூடை, கூடைமேல் துணி. வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மண்ணெண்ணெய்க் கடையில் அவரைப் பார்த்திருக்கிறேன், பேசினதில்லை. கூடையிலிருந்து ஒரு பம்ப் அடுப்பை எடுத்து வைத்தார். பிடியில் காக்கித் துணி சுற்றியிருந்தது. அந்தத் துணியைப் பார்த்ததும் அவர் யாருடைய சம்சாரம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"அவரு படாளத்துப் பக்கம் வேலைக்குப் போயிக்கீறாரு. வெளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடுவாரு. அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடும்மா. அவராண்ட சொல்லிடாதே" என்றார்.

என் வாயில் எத்தனையோ வந்தது. ஊருக்கெல்லாம் பிட்டர், வீட்டு அடுப்பைப் பார்க்க மாட்டாரா என்று கேட்க வந்ததை அடக்கிக்கொண்டேன். குறட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். நான் இன்னும் அடுப்பைத் தொடவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து என் முன்னால் நீட்டினார்.